ஒப்பிட ஆண் இல்லாத வேலை

1975 செப்டம்பர் 26 அன்று தில்லியில் சம ஊதிய அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. ஐ.நா. அறிவித்த சர்வதேச மகளிர் ஆண்டு அது. நாட்டில் நெருக்கடி நிலை. ஒரே வேலைக்கோ ஒரே மாதிரியான வேலைக்கோ ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்று கொடுக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். ஆறு நாள் கழித்து, அக்டோபர் 2 காந்தி ஜெயந்தியன்று, அதே அரசு 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. இன்று நாடு முழுக்க இருக்கும் அங்கன்வாடிகள் அந்தத் திட்டத்தில் வந்தவை. அவற்றில் வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள் எல்லோரும் பெண்கள். அவர்களுக்குக் கொடுத்த பணத்தை அரசு ஊதியமாகக் கணக்கில் எழுதவில்லை, மதிப்பூதியம் என்று எழுதியது. அவர்களை அரசு ஊழியர்களாகவும் ஏற்கவில்லை, ஊருக்குத் தொண்டு செய்ய முன்வந்தவர்களாக வைத்தது. ஒரே வாரத்தில் எடுத்த இந்த இரண்டு முடிவுகளும் ஐம்பது வருஷமாகத் தனித்தனி வழியிலேயே போய்க்கொண்டிருக்கின்றன. ஒரு பெண் செய்யும் வேலையை அவள் பக்கத்தில் ஓர் ஆணும் செய்தால்தான் நம் சம ஊதியச் சட்டம் அவளுக்குக் கைகொடுக்கும். ஆண்களே இல்லாத வேலையில் அவள் எவ்வளவு குறைவாக வாங்கினாலும் சட்டத்தின் கண்ணில் அது படாது. சம ஊதியத்துக்கான அடுத்த சண்டை நடக்க வேண்டிய இடம் அதுதான் என்பதே இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது.

முதலில் சட்டத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். அது வெறும் காகிதச் சட்டம் அல்ல. மக்கின்னன் மெக்கன்சி என்ற கப்பல் நிறுவனத்துக்கும் ஆட்ரி டிகோஸ்டா என்ற ஸ்டெனோகிராஃபருக்கும் நடந்த வழக்கில் 1987 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. பெரிய அதிகாரிகளுக்குக் கீழே வேலை பார்க்கும் பெண் ஸ்டெனோக்களை நிறுவனம் தனி வகையாகப் பிரித்து, ஆண் ஸ்டெனோக்களைவிடக் குறைவாகச் சம்பளம் கொடுத்துவந்தது. இது தனி வகை என்றார்கள். தொழிற்சங்கத்தோடு போட்ட ஒப்பந்தப்படிதான் கொடுக்கிறோம் என்றார்கள். கம்பெனிக்கு வசதி இல்லை என்றும் சொல்லிப் பார்த்தார்கள். நீதிமன்றம் மூன்றையும் ஏற்கவில்லை. அந்த வகையில் பெண்களை மட்டுமே போட்டது நிறுவனமே செய்த ஏற்பாடு, அதைக் காட்டிக் கூலியைக் குறைக்க முடியாது, பணக் கஷ்டம் என்ற காரணத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று சொல்லிவிட்டது. அருமையான தீர்ப்பு. ஆனால் அந்தப் பெண் ஜெயிக்க முடிந்ததற்குக் காரணம், அதே கம்பெனியில் சுருக்கெழுத்தும் தட்டச்சும் செய்யும் ஆண்கள் இருந்தார்கள். காட்டுவதற்கு ஆள் இருந்தது.

தில்லியிலேயே இதற்கு முந்திய உதாரணம் ஒன்று உண்டு. 1982 நவம்பரில் ஆசிய விளையாட்டுப் போட்டி. அதற்காக ஸ்டேடியங்களும் மேம்பாலங்களும் ஹோட்டல்களும் விளையாட்டுக் கிராமமும் அவசர அவசரமாகக் கட்டப்பட்டன. வேலைக்கு ஒரிசா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் என்று பல மாநிலங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தவர்கள் ஜமேதார்கள். நாள் கூலி 9 ரூபாய் 25 காசு. காண்டிராக்டர் அதை நேரே தொழிலாளி கையில் கொடுக்கவில்லை, ஜமேதாரிடம் கொடுத்தார். ஜமேதார் தலைக்கு ஒரு ரூபாய் கமிஷன் எடுத்துக்கொண்டு 8.25 கொடுத்தார். பெண்களுக்கு வந்ததோ 7 ரூபாய். மீதியும் ஜமேதார் மடியில். மக்கள் ஜனநாயக உரிமை அமைப்பு மூன்று சமூக அறிவியலாளர்களை அனுப்பி விசாரித்து, அந்த அறிக்கையை வைத்து நீதிபதி பி.என். பகவதிக்குக் கடிதம் எழுதியது. அந்தக் கடிதமே வழக்காக எடுத்துக்கொள்ளப்பட்டு 1982 செப்டம்பரில் தீர்ப்பானது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. வேலையைக் காண்டிராக்டரிடம் விட்டுவிட்டோம் என்று அரசு கைகழுவ முடியாது என்றும் சொன்னது. பொதுநல வழக்கின் வரலாற்றில் பெரிய இடம் பெற்ற தீர்ப்பு இது. அதன் கூலிக் கணக்கை மறுபடி பாருங்கள். 8.25-க்கும் 7-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது, ஏனென்றால் ஒரே சைட்டில் ஆணும் பெண்ணும் நின்றார்கள். அதே சைட்டில் செங்கல் வைத்துக் கட்டுகிற மிஸ்திரி ஆண், செங்கல்லும் கலவையும் தலையில் தூக்கிக் கொடுப்பவள் பெண் என்ற பிரிவினையை யாரும் வழக்காக்கவில்லை. நம்மூர் கொத்தனார், சித்தாள் கதையும் இதுதான். சித்தாளாக வேலைக்கு வரும் பையன் சில வருஷத்தில் கரண்டி பிடிக்கிறான். பெண்ணோ சித்தாளாகவே வயதாகிப் போகிறாள். அவளுக்கும் கொத்தனாருக்கும் உள்ள கூலி வித்தியாசம் சட்டப்படி முழுக்கச் சரி, ஏனென்றால் வேலை வேறு. அவளுக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுக்காதது யார் என்று கேட்கும் பிரிவு எந்தச் சட்டத்திலும் உருப்படியாக அமலாகவில்லை.

அரசாங்கத்தின் தொழிலாளர் கணக்கெடுப்புகளை எடுத்துப் பார்த்தால் மாதச் சம்பளக்காரர்களில் பெண்ணின் சராசரி வருமானம் ஆணுடையதில் ஏறத்தாழ முக்கால் பங்கு. தினக்கூலியில் இன்னும் கீழே. இதைச் சொன்னவுடனே வரும் முதல் கேள்வி எனக்கும் தெரியும்: எங்கள் ஆபீஸில் ஒரே கிரேடில் இருக்கிறவர்களுக்கு ஒரே சம்பளம்தானே, அரசு வேலையில் பே ஸ்லிப்பில் ஆண் பெண் என்று பார்க்கிறார்களா என்ன? பார்ப்பதில்லை, உண்மைதான். ஒரே கிரேடுக்குள் பார்த்தால் வித்தியாசம் குறைவு. ஆனால் யார் எந்தக் கிரேடுக்குப் போகிறார்கள் என்று பாருங்கள். இந்திய வெளியுறவுப் பணியின் முதல் பெண் அதிகாரி சி.பி. முத்தம்மா. குடகில் பிறந்தவர், சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். 1949-ல் பணியில் சேர்ந்த அவருக்கும் ஆண் அதிகாரிகளுக்கு இருந்த அதே சம்பளம்தான். ஆனால் பெண் அதிகாரி கல்யாணம் செய்ய அரசின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும், கல்யாணத்துக்குப் பிறகு தேவைப்பட்டால் ராஜினாமா செய்யச் சொல்லலாம் என்று விதியிலேயே எழுதி வைத்திருந்தார்கள். மேல் கிரேடு பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1979-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கடுமையாகக் கண்டித்தார். வழக்கு நடக்கும்போதே முத்தம்மாவுக்குப் பதவி உயர்வும் வந்துவிட்டது. மாதா மாதம் சரியாக விழும் சம்பளத்துக்குப் பின்னால் எவ்வளவு பெரிய சமமின்மை ஒளிந்துகொள்ள முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இனி அங்கன்வாடிக்கு வருகிறேன், ஏனென்றால் என் வாதம் நிற்பதும் விழுவதும் அங்கேதான். ஓர் அங்கன்வாடி ஊழியரின் நாள் எப்படி இருக்கிறது? காலையில் மையத்தைத் திறக்க வேண்டும். மூன்றிலிருந்து ஆறு வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் எண்ணும் எழுத்தும். சாப்பாடு பரிமாற வேண்டும். கைக்குழந்தைகளை எடை பார்த்து, உயரம் அளந்து, வளர்ச்சி அட்டையில் எழுத வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பால்கொடுக்கும் தாய்மார்களுக்கும் சத்துணவுப் பொருள் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். தடுப்பூசி நாளன்று வீடு வீடாகப் போய்க் கூட்டிவர வேண்டும். இத்தனையையும் ரெஜிஸ்டரில் எழுதிவிட்டு, போஷன் டிராக்கர் செயலியிலும் ஏற்ற வேண்டும். இதற்கு மேல் கணக்கெடுப்பு, வாக்காளர் பட்டியல் என்று எந்த இலாகாவுக்கு ஆள் தேவைப்பட்டாலும் இவர்களைத்தான் கூப்பிடுகிறார்கள். இந்த வேலைக்கு மத்திய அரசு 2018 அக்டோபரிலிருந்து நிர்ணயித்திருக்கும் மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. மேற்கொண்டு மாநிலங்கள் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன.

2022 ஜனவரி 31 அன்று தில்லியின் அங்கன்வாடி ஊழியர்களும் உதவியாளர்களும் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அப்போது தில்லியில் ஊழியருக்கு மொத்தமாகக் கிடைத்தது 9,678 ரூபாய், உதவியாளருக்கு 4,839. போராட்டத்தின் நடுவில் மாநில அரசு அதை 12,720, 6,810 என்று உயர்த்தியது. அதே மாதங்களில் தில்லியில் எந்தப் பயிற்சியும் தேவைப்படாத வேலைக்கு அரசே அறிவித்திருந்த குறைந்தபட்சக் கூலி மாதம் 16,064. அதாவது, கூட்டிக் கொடுத்த பிறகும் குழந்தைகளுக்குப் படிப்பும் உணவும் தரும் ஊழியருக்கு, பயிற்சியே வேண்டாத வேலைக்கான கூலியைவிட மூவாயிரத்துக்கும் மேல் குறைவு. உதவியாளருக்கு அதில் பாதிகூட இல்லை. போராட்டம் தொடர்ந்தது. மார்ச் 9 அன்று அத்தியாவசியப் பணிப் பராமரிப்புச் சட்டம் பாய்ந்தது, வேலைநிறுத்தம் தடை செய்யப்பட்டது, நூற்றுக்கணக்கானவர்கள் நீக்கப்பட்டார்கள். நிறுத்தக் கூடாத அளவுக்கு இந்த வேலை அத்தியாவசியம் என்று அரசே எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகு, இதற்குக் குறைந்தபட்சக் கூலி கூடத் தர மாட்டோம் என்பதற்கு என்ன நியாயம் மிச்சம் இருக்கிறது? இதில் கட்சி பேதமும் இல்லை. மத்தியிலும் மாநிலங்களிலும் எல்லாக் கட்சிகளும் ஆண்டாகிவிட்டது. ஏறத்தாழ எல்லோர் ஆட்சியிலும் இது மதிப்பூதியம்தான். அங்கன்வாடி ஊழியர் போன்ற திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்றுக் குறைந்தபட்ச ஊதியம் தர வேண்டும் என்று 2013-ல் தில்லியில் கூடிய 45-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அங்கன்வாடி ஊழியர்களுக்குப் பணிக்கொடை உண்டு, அவர்கள் வாங்கும் மதிப்பூதியம் பணிக்கொடைச் சட்டத்தின்படி ஊதியம்தான் என்று சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் இவர்களுக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம் இருக்கிறது. அது போதுமா என்பது வேறு விஷயம், ஆனால் இந்த வேலைக்கு ஊதிய விகிதம் போட முடியாது என்று சொல்கிறவர்களுக்கு அதுவே பதில்.

சம ஊதியச் சட்டம் இங்கே ஏன் நுழையவில்லை? அங்கன்வாடியில் ஆண் ஊழியரே கிடையாது. ஒப்பிட ஆள் இல்லை. சட்டம் ஒரே வேலை, ஒரே மாதிரியான வேலை என்றுதான் பேசுகிறது. 2019-ல் நிறைவேறி 2025 நவம்பரில் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் அதே வாசகத்தைத்தான் எடுத்துக்கொண்டது. ஆனால் இந்தியா 1958-லேயே ஏற்புறுதி செய்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 100-வது உடன்படிக்கை சொல்வது சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம். ஒரே வேலையாக இருக்க வேண்டியதில்லை. திறமை, உழைப்பு, பொறுப்பு, வேலைச் சூழல் எல்லாம் சேர்த்து எடை போட்டால் சமமாக வர வேண்டும், அவ்வளவுதான். நாம் கையெழுத்துப் போட்டது இதற்கு. சட்டத்தில் எழுதியது இதைவிடச் சின்னதை.

சமையல்காரி வேலையையும் டிரைவர் வேலையையும் எப்படி ஐயா ஒப்பிடுவது, யார் ஒப்பிடுவது, அது முடிகிற காரியமா என்று கேட்பார்கள். எதிர்வாதங்களில் கனமானதாக இதைத்தான் சொல்வார்கள், ஆனால் தில்லியில் உட்கார்ந்துகொண்டு யாரும் இதைக் கேட்கக் கூடாது. ஏறத்தாழப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை இந்த ஊரில் ஊதியக்குழு கூடுவது இந்த ஒரு காரியத்துக்குத்தான். கான்ஸ்டபிளையும் குமாஸ்தாவையும், ஸ்டேஷன் மாஸ்டரையும் ஆசிரியரையும், விஞ்ஞானியையும் வரித்துறை அதிகாரியையும் ஒரே மேசையில் வைத்து, படிப்பு என்ன, பொறுப்பு என்ன, ஆபத்து என்ன என்று பார்த்து ஒரே அட்டவணையில் உட்கார வைக்கிறார்கள். 7-வது ஊதியக்குழுவின் அட்டவணையில் கடைநிலை ஊழியருக்கு அடிப்படைச் சம்பளம் 18,000, கான்ஸ்டபிளுக்கு 21,700, தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு 35,400, செவிலியருக்கு 44,900. இந்த எண்கள் வானத்திலிருந்து விழவில்லை. சங்கங்கள் மனு கொடுத்தன, வாதாடின, குழு எடை போட்டது. அங்கன்வாடி ஊழியரை மட்டும் அந்தத் தராசில் யாரும் ஏற்றவே இல்லை. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரை ஒரே அடிப்படைக் கட்டம் என்கிறது. அதில் முதல் மூன்று வருஷத்தை அங்கன்வாடி ஊழியரும் பார்க்கலாம், அடுத்த இரண்டு வருஷத்தைத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் பார்க்கிறார். ஆசிரியருக்குப் பட்டயப் படிப்பும் தகுதித் தேர்வும் உண்டு, ஆகவே வித்தியாசம் இருக்கத்தான் வேண்டும், அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒருவர் முழு ஊதிய அட்டவணைக்குள், இன்னொருவர் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே என்ற அளவுக்கா?

செவிலியர் விஷயம் இதே வாதத்தின் மறுபக்கம். தில்லி ஆஸ்பத்திரிகளில் கேரளத்துப் பெண்களும் தமிழ்ப் பெண்களும் எத்தனை பேர் என்பது இந்த ஊரில் ஒருமுறை அட்மிட் ஆனவருக்குத் தெரியும். படிப்பு ஒன்று, கவுன்சில் பதிவு ஒன்று, இரவு டியூட்டி ஒன்று. ஆனாலும் அரசு மருத்துவமனைச் சம்பளமும் தனியார் சம்பளமும் மலைக்கும் மடுவுக்கும். 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு, 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனைகள் அரசுச் செவிலியருக்கு இணையாகக் கொடுக்க வேண்டும், 100-க்கு மேல் என்றால் அதிகபட்சம் 10 சதவீதம் குறையலாம், 50-லிருந்து 100 என்றால் 25 சதவீதம், அதற்கும் சிறியது என்றாலும் 20,000-க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. தில்லி அரசு 2018-ல் இதை உத்தரவாக்கியது. மருத்துவமனைகள் சங்கம் எதிர்த்து வழக்குப் போட்டது. 2019-ல் தில்லி உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஆக, பெண்கள் நிறைந்த ஒரு தொழிலுக்கு அளவுகோல் எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்க முடிந்திருக்கிறது. அமலாக்கம் அரைகுறை என்பது தனி வருத்தம். அளவுகோல் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

பெண்கள் தாங்களாகத்தானே இப்படிப்பட்ட வேலைகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள், வீட்டுக்குப் பக்கத்தில், குறைந்த நேரம், இரவு வேலை வேண்டாம் என்று கேட்பவர்கள் அவர்கள்தானே என்றும் ஒரு வாதம் உண்டு. கிளாடியா கோல்டினுக்கு 2023-ல் பொருளாதார நோபல் கிடைத்த ஆய்வுகளிலும் இதில் ஓரளவு உண்மை உண்டு: எந்நேரமும் கூப்பிட்டால் வரக்கூடிய ஆளுக்கே அதிகச் சம்பளம் என்ற வேலைகளில்தான் இடைவெளி விரிகிறது. ஆனால் அந்தத் தேர்வு எந்தக் கட்டாயத்தில் நடக்கிறது என்று பாருங்கள். 2024 காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி சம்பளமில்லாத வீட்டு வேலை செய்வோரில் பெண் ஒரு நாளைக்கு 289 நிமிடம் செய்கிறாள். ஆண் 88 நிமிடம். தில்லிப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து கிரிஜா போர்கர் செய்த ஆய்வு, பாதுகாப்பான வழியில் போய்வர முடியும் என்பதற்காக மாணவிகள் தங்கள் மதிப்பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல கல்லூரியை விட்டு, தரவரிசையில் வெகு கீழே உள்ள கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதைக் காட்டியது. முதல் சம்பளம் வாங்குவதற்குப் பல வருஷம் முன்பே, பஸ் வழியில் குறைந்துவிடுகிறது அந்தச் சம்பளம். அதோடு, தேர்வே இல்லாத இடங்களும் இருந்தன. மது பரிமாறும் இடங்களில் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1914-ன் பஞ்சாப் கலால் சட்டத்தின் 30-வது பிரிவு தில்லியில் அமலில் இருந்தது. ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்த பெண்ணுக்கு பார் கவுன்டர் மூடியிருந்தது. 2007 டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றம் அனுஜ் கார்க் வழக்கில் அந்தத் தடை செல்லாது என்று சொன்னது. பெண்ணைப் பாதுகாக்கிறோம் என்று சொல்லி அவள் வேலையைப் பறிக்காதே, பாதுகாப்பைக் கொடு என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

வீட்டு வேலைக்குப் போகும் பெண்களிடம் தேர்வு பற்றிப் பேசுவதற்கு முன் ஜங்புராவின் மதராசி கேம்ப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பாராபுல்லா வாய்க்கால் ஓரத்தில் பல பத்தாண்டுகளாக இருந்த தமிழர் குடியிருப்பு. 2025 ஜூன் 1 அன்று நீதிமன்ற உத்தரவுப்படி ஏறத்தாழ 370 குடிசைகளும் இடிக்கப்பட்டன. தகுதி உண்டு என்று ஏற்கப்பட்டவர்களுக்கு மாற்று வீடு நரேலாவில், நகரத்தின் வட கோடியில். அந்தக் குடும்பங்களின் பெண்கள் பலர் சுற்றுவட்டாரக் காலனிகளில் நடந்தே போய் வேலை செய்தவர்கள். பாத்திரத்துக்கு இவ்வளவு, பெருக்கித் துடைக்க இவ்வளவு, துணிக்கு இவ்வளவு என்று வீட்டுக்கு வீடு பேசி, நாலைந்து வீட்டுப் பணத்தைச் சேர்த்தால்தான் அவர்களுக்கு மாதச் சம்பளம். நரேலாவிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து வந்து ஆறரை மணிக்கு ஒரு வீட்டு வாசலில் நிற்க முடியாது. வேலை போனால் எந்தச் சட்டத்தின் கீழ் கேட்பது? தமிழ்நாட்டில் வீட்டு வேலை குறைந்தபட்ச ஊதியப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறது. பஸ்ஸில் பெண்களுக்கு 2019-லேயே டிக்கெட் வேண்டாம் என்ற தில்லி, அந்த பஸ்ஸில் ஏறிப் போகும் வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கவில்லை. இந்தப் பதிவை வாசிக்கும் நம்மில் பலர் வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள். ஆகவே இதில் முதலாளி எங்கோ இருக்கும் கம்பெனி இல்லை.

கடைசியாகப் பணம். சம்பளத்தைக் கூட்டச் சொன்னால் பெண்களை வேலைக்கு எடுப்பதையே நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தை நான் லேசாகத் தள்ளவில்லை. ஒரு விஷயத்தில் அது நியாயமான பயம். பேறுகாலச் சலுகைச் சட்டத்தின் 2017 திருத்தம் பேறுகால விடுப்பை 26 வாரம் ஆக்கியது. தேவையான, நல்ல மாற்றம். ஆனால் இ.எஸ்.ஐ. காப்பீட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு அத்தனை வாரச் சம்பளத்தையும் தனி முதலாளி தலையிலேயே கட்டியது. பத்துப் பேர் வேலை செய்யும் சின்ன நிறுவனம் இதை யோசித்துத்தான் இன்டர்வியூவில் கல்யாணத் தேதி கேட்கிறது. அதைத் தடுக்க வழி விடுப்பைக் குறைப்பதல்ல; செலவை இ.எஸ்.ஐ. மாதிரி பொது நிதியில் எல்லோரும் பகிர்வது. ஆண் ஊழியரை மட்டும் வைத்திருக்கும் கம்பெனியும் பங்கு போட்டால், பெண்ணை எடுக்காமல் மிச்சம் பிடிக்க எதுவும் இருக்காது. தில்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்களுக்குப் பேறுகாலச் சலுகை கிடையாது என்று மாநகராட்சியே வழக்காடி 2000 மார்ச் 8-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. வெயிலில் ரோடு போடும் கர்ப்பிணிக்கு மறுத்தது தனியார் அல்ல, அரசு அமைப்பு. வசதி இல்லை என்ற வாதம் எப்போதும் வசதி உள்ளவர்களிடமிருந்தே வருகிறது என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

சம ஊதியம் கொடுத்தால் கஜானா காலியாகும் என்பதற்குப் பர்மிங்காமைக் காட்டுவார்கள். இங்கிலாந்தின் அந்தப் பெரிய நகராட்சி 2023 செப்டம்பரில் கையில் காசில்லை என்று அறிவித்தது. சம ஊதிய பாக்கி அதற்கு ஒரு பெரிய காரணம், புதிய கணினி அமைப்பில் போன பணம் இன்னொன்று. அங்கே சமையல், துப்புரவு, பராமரிப்பு வேலைகளில் இருந்த பெண்களுக்கு, அதே கிரேடில் குப்பை அள்ளிய ஆண்கள் வாங்கிய போனஸ் கொடுக்கப்படவில்லை. 2012-லேயே பிரிட்டனின் உச்ச நீதிமன்றத்தில் தோற்றும் சரிசெய்யாமல் வருஷக்கணக்கில் வளர விட்டார்கள். நகராட்சியைச் சாய்த்தது தள்ளிப்போட்ட பாக்கி. அந்தப் பணம் அத்தனை வருஷமும் அந்தப் பெண்களின் வீட்டில் இருந்திருக்க வேண்டியது. 2022-ல் தில்லி அங்கன்வாடி ஊழியரின் மதிப்பூதியத்துக்கும் குறைந்தபட்சக் கூலிக்கும் இருந்த மூவாயிரம் ரூபாய் வித்தியாசமும் அரசு மிச்சம் பிடித்த பணம் அல்ல. அவள் அரசுக்கு மாதா மாதம் கொடுத்துக்கொண்டிருந்தது.

என்ன செய்யலாம்? சம மதிப்பு என்ற சொல்லைச் சட்டத்தில் சேர்ப்பது முதல் காரியம். அதற்கு நாடாளுமன்றம் வேண்டும். அதுவரை, இருக்கும் கணக்கைக் கேட்டு வாங்கலாம். பங்குச் சந்தையில் முதல் ஆயிரம் இடங்களில் உள்ள நிறுவனங்கள் ஆண், பெண் ஊழியர்களின் நடுமதிப்புச் சம்பளத்தைத் தங்கள் ஆண்டறிக்கையில் சொல்ல வேண்டும் என்பது செபியின் விதி. உங்கள் கம்பெனி அந்தப் பட்டியலில் இருந்தால் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள், பார்த்துவிட்டு மனிதவளத் துறையிடம் கேள்வி கேளுங்கள். வீட்டில் வேலை செய்பவருக்குத் தில்லியின் குறைந்தபட்சக் கூலியை மணிக்கணக்காக வகுத்துப் பார்த்து அதற்குக் குறையாமல் கொடுங்கள், வாரம் ஒரு நாள் லீவோடு. நீதிபதி ரஞ்சனா தேசாய் தலைமையில் 8-வது ஊதியக்குழு 2025 நவம்பரில் அமைக்கப்பட்டது. அறிக்கை தர 18 மாதம் அவகாசம். அதன் விசாரணை வரம்பில் அங்கன்வாடி ஊழியர்கள் இல்லை. அவர்களையும் சேர்க்கச் சொல்லி உங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதுங்கள். எந்தக் கட்சி என்றாலும் எழுதுங்கள்.